கார்டை மாற்றச் சொல்வதற்கு முன்னால்

ஊர்தோறும் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பதையும் பழுது பார்ப்பதையும் ஜீவனமாகக் கொண்ட தோழர்களுக்கு,

உங்களுள் பெரும்பாலோரை நான் நேரில் அறியேன். ஆயினும் உங்களைத் தோழர்கள் என்று அழைக்கும் உரிமை எனக்கு உண்டென்று எண்ணுகிறேன், ஏனெனில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு ஆண்டுகள், திருச்சியில் ஒரு மாடிப்படியின் அடியில் அடங்கிய சிறு கடையில், உங்கள் தொழிலையே நானும் செய்து வயிறு வளர்த்தவன். மதர்போர்டின் இடுக்கில் நழுவி விழுந்த திருகாணியை மூச்சடக்கித் தேடி எடுத்த பொறுமையும், வாடிக்கையாளர் எதிரில் நிற்க முதன்முதலாகப் பொத்தானை அழுத்தும் கணத்தில் நெஞ்சில் எழுந்த அச்சமும் இன்றும் என் நினைவில் பசுமையாக இருக்கின்றன. ஆகவே இம்மடலைக் குற்றப்பத்திரிகையாகக் கொள்ளாமல், ஒரு காலத்தில் பக்கத்துக் கடையில் இருந்தவன் வந்து சொல்லும் வார்த்தையாகக் கொள்ள வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். சக்தி வாய்ந்த கணினி ஒன்றில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடினாலும், இடையிடையே ஸ்தம்பித்து நின்றாலும், நம் கடைகளில் பெரும்பாலும் சொல்லப்படும் பரிகாரம் ஒன்றாகவே இருக்கிறது: கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, மாற்றிவிடலாம். கார்டை மாற்றியும் தீராவிட்டால் எஸ்எம்பிஎஸ். அதுவும் பலிக்காவிட்டால் ரேம். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமல் அலமாரியில் உள்ள மருந்துகளை வரிசையாகக் கொடுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கடைக்காலத்தில் நானும் இதையே செய்திருக்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அக்காலத்தில் அளந்து பார்ப்பதற்குரிய கருவிகள் நம் கையில் இல்லை. இப்போது இருக்கின்றன; இலவசமாகவே கிடைக்கின்றன; அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சென்ற பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன். தெருப் பிள்ளைகளுக்கு மாலைவேளையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அதில் கிடைத்ததை இரண்டு ஆண்டுகள் சேர்த்து வைத்து, தன் மனத்துக்கு உகந்த கணினி ஒன்றை அசெம்பிள் செய்துகொண்டவன். எட்டுக் கோர் பிராசஸர், 32 ஜிபி ரேம், நல்ல எஸ்எஸ்டி, தான் ஆடும் விளையாட்டுகளுக்குத் தாராளமாகப் போதுமான கார்டு என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆயினும் விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை அசையாமல் நின்றுவிடும். ஐந்தாறு விநாடி சென்றபின் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடத் தொடங்கும். ஒரு மாலைப்பொழுதில் மூன்று முறை நேரும். சில நாள் ஒரு முறையும் நேராது. கடைக்காரர் சொற்படி முதலில் கார்டு மாறிற்று, பிறகு எஸ்எம்பிஎஸ் மாறிற்று, மாதங்கள் நான்கு கழிந்தன, சேமிப்பு கரைந்தது, நோய் அப்படியே இருந்தது. அந்தக் கடைக்காரர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. அவர் பொய்யர் அல்லர், தமக்குத் தெரிந்ததைச் செய்தார் என்றே நம்புகிறேன்.

நான் பயாஸைத் திறந்து பார்த்தும், டிரைவரைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தபோது, அதே அறையின் மூலையில் தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் தங்கை, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அண்ணா, படம் நிக்கிறப்பல்லாம் பெட்டிக்குள்ள எதுவோ சுத்த ஆரம்பிக்கிற சத்தம் கேக்குது. நின்னுபோன மிஷினை மறுபடி மிதிச்சுக் கிளப்புற மாதிரி." முப்பது ஆண்டுகளாக இயந்திரத்தின் ஓசையைக் கொண்டே நூல் அறுபடப்போவதை முன்கூட்டி அறிகிறவள் அவள். நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய கணினியிலிருந்த ஹார்டு டிஸ்க் ஒன்றை, குடும்பப் புகைப்படங்களுக்காக, புதிய பெட்டியிலும் பையன் மாட்டி வைத்திருந்தான். விண்டோஸின் வழக்கமான மின்சார ஏற்பாட்டின்படி, 20 நிமிஷம் ஒருவரும் தொடாத ஹார்டு டிஸ்க் சுழல்வதை நிறுத்தி உறங்கப் போய்விடும். அவனுடைய ஆவணங்கள் வைக்கும் ஃபோல்டரும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அந்த விளையாட்டோ ஒரு கட்டம் முடிந்ததும், அதுவரை ஆடியதை அந்த ஃபோல்டரிலேயே பதிவு செய்யும். பதிவு முடியும்வரை மேலே ஓர் அடியும் நகராது. உறங்கும் தட்டு விழித்து, சுழன்று, வேகம் பிடிக்க ஐந்தாறு விநாடி. அவ்வளவே. ஃபோல்டரை எஸ்எஸ்டிக்கு மாற்றினோம்; டிஸ்க் உறங்காதபடி அமைப்பைத் திருத்தினோம். பத்து நிமிஷ வேலை, ஒரு ரூபாய்ச் செலவு இல்லை. அன்றிரவு பையன் விளையாடவில்லை. புதிய கார்டின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான். அந்த மௌனமே என்னை இம்மடலை எழுத வைத்தது.

தோழர்களே, இந்தத் தவறுகளுக்கு முதற்காரணம் ஒரு சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. 'லேக் ஆகுது' என்கிறான் வாடிக்கையாளன். நாமும் 'லேக்' என்றே குறித்துக்கொள்கிறோம். காய்ச்சல், குளிர், மயக்கம், மூச்சுமுட்டல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வைத்தியம் செய்வது எங்ஙனம் இயலும்? இணையவழி ஆட்டத்தில் நம் கட்டளை தொலைவிலுள்ள சர்வரை அடைந்து திரும்பத் தாமதமாவது ஒன்று. உண்மையான லேக் அதுவே, அதற்குக் கணினியில் மருந்தில்லை. முதலிலிருந்து முடிவுவரை எல்லாமே மந்தமாக ஓடுவது மற்றொன்று. அங்கேதான் கார்டு போதவில்லை என்ற சொல்லுக்கு இடமுண்டு. பொதுவாக விரைந்து ஓடிக்கொண்டே, நடுநடுவே கணநேரம் தடுக்கித் தடுக்கி விழுவது மூன்றாவது. இதைத் திக்கல் என்பேன். விநாடிக்கணக்கில் முற்றிலும் ஸ்தம்பிப்பது நான்காவது. இதைத்தான் ஹேங் என்கிறோம். கடைவாசலில் நிற்பவனிடம் இந்த நான்கில் எது என்று நிதானமாகக் கேட்டுத் தெளிந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துபோகும். தன்னிடம் இப்படி ஒருவர் கேட்கிறாரே என்பதில் அவனுக்கும் ஓர் ஆறுதல் பிறக்கும்.

இரண்டாவது காரணம், எஃப்பிஎஸ் என்று திரையின் மூலையில் தோன்றும் எண்ணின்மேல் நாம் வைத்துள்ள அளவற்ற விசுவாசம். அந்த எண் ஒரு சராசரி. ஒரு விநாடியில் 90 ஃபிரேம்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 89 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 8 மில்லி விநாடியில் வந்துவிட, எஞ்சிய ஒன்று மட்டும் 288 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், கூட்டிப் பார்க்கும்போது கணக்குச் சரியாக ஒரு விநாடியாகவே இருக்கும். மூலையில் 90 என்ற அழகான எண்ணும் ஒளிரும். ஆனால் விளையாடுகிறவன் கண்டதோ கால் விநாடிக்கு மேல் நின்றுபோன திரையை. கச்சேரியில் விளம்ப காலத்தில் பாடினால் எவரும் குறை சொல்வதில்லை, துரித காலத்தில் பாடினாலும் குறை சொல்வதில்லை. ஓரிடத்தில் தாளம் தவறினால் சங்கீதம் அறியாதவனும் திடுக்கிட்டு நிமிர்கிறான். கண்ணின் இயல்பும் அதுவே. ஒரே சீராக வரும் 40 ஃபிரேம்கள், ஏறியும் இறங்கியும் தத்தளிக்கும் 70 ஃபிரேம்களைவிடக் கண்ணுக்கு இதமானவை.

இந்த உண்மையைப் பரீக்ஷை செய்து உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காட் வாசன் என்னும் அமெரிக்கர். 'த டெக் ரிப்போர்ட்' என்ற வெளியீட்டில் 2011-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணும் வழக்கத்தைத் தள்ளிவைத்து, ஒரு விநாடிக்கு உள்ளே புகுந்து, ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி விநாடியில் வந்தது என்று அளந்து காட்டிற்று. அதன்பின் கார்டு செய்யும் பெரிய நிறுவனங்களே தம் டிரைவர்களைத் திருத்தும் நிலை ஏற்பட்டது. இன்று அந்த அளவையை இன்டெல் வழங்கும் பிரசெண்ட்மான் என்ற கருவியும், ஆஃப்டர்பர்னர் முதலியவையும் காசில்லாமல் காட்டுகின்றன. ஃபிரேம் டைம் என்று பெயர் கொண்ட அந்தக் கோடு தட்டையாக ஓடினால் ஆரோக்கியம். இடையிடையே ஊசிபோல் எழும்பினால் திக்கல். 60 ஃபிரேம் வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி, 144 வேண்டுமாயின் 6.9 மட்டுமே, என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பத்து நிமிஷம் பார்த்தால், கார்டை மாற்றலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இனி நாடி பார்ப்பதைச் சொல்கிறேன். ஊசி எப்போது எழும்புகிறது என்பதே நாடி.

முதன்முறை ஓரிடத்துக்குப் போகும்போதோ, புதிய ஆயுதம் ஒன்றை முதலில் வெடிக்கும்போதோ திக்கி, அதே இடத்தில் அதே காரியத்தை மறுமுறை செய்யும்போது சீராக ஓடுகிறதா? அப்படியானால் அது ஷேடர் தொகுப்பினால் வரும் திக்கல். படத்தின் ஒளி, நிழல், நிறம், நீரின் பளபளப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் சிறு சிறு புரோகிராம்களே ஷேடர்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி இயந்திர மொழி இருப்பதனால், விளையாட்டு செய்வோர் அவற்றைப் பொதுவான இடைநிலை வடிவத்தில் அனுப்பிவைக்க, நம் கணினியின் பிராசஸர் அவற்றை நம் கார்டின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளில் எல்லோரிடமும் இருப்பது ஒரே கார்டாதலால் இந்த மாற்றத்தைச் செய்து முடித்தே அனுப்பிவிடுகிறார்கள். கணினியிலோ எத்தனை கார்டுகள், எத்தனை டிரைவர்கள்! 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-உம், 2016-இல் வந்த வல்கனும் ஆகிய கிராபிக்ஸ் இடைமுகங்கள், முன்பு டிரைவர் தானே கவனித்துக்கொண்டிருந்த பல பொறுப்புகளை விளையாட்டு செய்வோரின் தோளுக்கு மாற்றின. எந்த ஷேடர்கள் எந்தச் சேர்க்கையில் வரும் என்று அவர்கள் முன்னரே பட்டியலிட்டுத் தொகுத்துவிட்டால் பிரச்சினையில்லை. அந்தப் பிரயாசையைத் தவிர்த்துவிட்டால், ஆட்டத்தின் நடுவில் வாள் ஓங்கிய கையோடு வீரன் நிற்க, பிராசஸர் தொகுத்து முடிக்கும்வரை விலை உயர்ந்த கார்டு வேலையின்றிக் காத்திருக்கும்.

இதன் மெய்ம்மையை 2022-ஆம் ஆண்டு எல்லோரும் கண்ணாரக் கண்டனர். பிப்ரவரியில் வெளியான எல்டன் ரிங் என்ற விளையாட்டு, உயர்ந்த விலைக் கணினிகளிலும் இடறி இடறி ஓடிற்று. அதே வாரத்தில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியின் தொடக்க விலை 399 டாலர். அதன் சக்தி அந்தக் கணினிகளோடு ஒப்பிடத் தக்கதே அன்று. ஆயினும் எல்டன் ரிங் அதில்தான் சீராக ஓடிற்று. எல்லாக் கருவிகளிலும் கார்டு ஒன்றே என்பதால் தொகுத்து முடித்த ஷேடர்களை வால்வ் முன்னரே அனுப்பிவைத்தது; அன்றியும், அந்த விளையாட்டு சில இடங்களில் ஆயிரக்கணக்கான சிறு பொருள்களை ஒரே சமயத்தில் உண்டாக்கி நினைவகத்தைத் திணறடிப்பதைக் கண்டறிந்து, அவற்றைச் சேமித்து வைக்கும் யுக்தியையும் தன் மென்பொருளில் சேர்த்தது. சக்தி குறைந்த கருவியில் தீர்ந்த நோய் சக்தி மிகுந்த கணினியில் தீரவில்லை என்றால், அது சக்திக் குறைவால் வந்த நோய் அன்று என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'த கலிஸ்டோ புரோட்டகால்' என்ற விளையாட்டும் இக்குறையோடு வெளிப்பட்டு, உடனடியாகத் திருத்தம் அனுப்பவேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' வேறு வழியை மேற்கொண்டு, ஆட்டத்துக்கு முன்பே எல்லா ஷேடர்களையும் தொகுக்கத் தொடங்கி, பலரை அரைமணிக்கு மேல் காக்க வைத்தது. காத்திருப்பவனுக்கு அலுப்புத்தான்; எனினும் இந்த வழியே நேர்மையானது என்பது என் அபிப்பிராயம். தொகுப்பு முடியும்வரை காத்திருக்குமாறு உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். பலர் பாதியில் தாண்டி உள்ளே போய்விட்டுப் பிறகு உங்களிடம் வருகிறார்கள்.

இதில் உங்கள் கவனத்துக்கு உரிய பகுதி ஒன்று உண்டு. தொகுத்த ஷேடர்கள் டிஸ்க்கில் சேமித்து வைக்கப்படுகின்றன. டிரைவரைப் புதுப்பித்தால் அவை பயனற்றுப்போய் மீண்டும் தொகுக்கவேண்டும். கார்டை மாற்றினாலும் அப்படியே. ஆகவே இந்த நோய்க்குக் கார்டு மாற்றுவது பரிகாரம் ஆகாது என்பது மட்டுமல்ல, முதல் சில நாள் நோயை அதிகப்படுத்தவும் செய்யும். வாரந்தோறும் டிரைவரை மாற்றிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கும் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும், எல்லை ஒன்றைத் தாண்டி ஓடும்போது திக்கினால் அது வேறு. அடுத்த நிலப்பரப்பை விளையாட்டு அவசரமாக உள்ளே இழுத்துக்கொள்ளும் தருணம் அது. எத்தனை முறை போனாலும் குறையாது. 2023-இல் வந்த ஜெடாய் சர்வைவர் இதற்குப் பேர்போனது. கணினியில் அதன் ஓட்டம் சரியில்லை என்பதை வெளியிட்டோரே ஒப்புக்கொண்டனர். இங்கே நாம் செய்யக்கூடியது சொற்பம்: விளையாட்டு எஸ்எஸ்டியில் இருக்கிறதா என்று பார்க்கலாம், ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்துச் சுமையைக் குறைக்கலாம். மற்றது செய்தவர் திருத்தவேண்டியது.

பதினைந்து இருபது நிமிஷம் நன்றாக ஓடிய பிறகு தொடங்கினால் உஷ்ணம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டு மாடியறையில் வைத்த பெட்டியின் விசிறியில் எவ்வளவு தூசி அடையும் என்பதை நீங்களே நாள்தோறும் காண்கிறீர்கள்.

புதிய விளையாட்டை எல்லா அலங்காரங்களோடும் வைத்தால் மட்டும் திக்கி, டெக்ஸ்ச்சர் அளவை ஒரு படி குறைத்ததும் தீர்ந்தால், கார்டிலுள்ள நினைவகம் நிரம்பி வழிகிறது என்று பொருள். 8 ஜிபி கார்டுகளில் இது இப்போது சாதாரணம். வழிந்தது மதர்போர்டு வழியாக ரேமுக்குப் போய் வரவேண்டியிருப்பதால் அந்தத் தாமதம். இங்கேகூட, ஒரு படி குறைத்துப் பார்த்து, கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று வாடிக்கையாளரையே கேட்ட பிறகு புதிய கார்டைப் பற்றிப் பேசுவது தர்மம்.

நம் கையாலேயே விளையும் பிழைகளையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம்களை அடுத்தடுத்துச் சொருகிவிட்டால் இரண்டு பாதைகளில் போகவேண்டிய போக்குவரத்து ஒரே பாதையில் நெருக்குண்டு போகும். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருகவேண்டும். 3200 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காத காரணத்தால் ஆண்டுக்கணக்கில் 2133-லேயே ஓடிக்கொண்டிருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இவை சராசரி எஃப்பிஎஸ்ஸை அதிகம் குறைப்பதில்லை, ஊசிகளைத்தான் கூர்மையாக்குகின்றன. அதனால்தான் கடையில் சோதித்தபோது எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், வீட்டுக்குப் போன பையன் மட்டும் வருந்திக்கொண்டிருப்பான்.

எந்த நாடியிலும் அகப்படாமல், நாளில் ஒன்றிரண்டு தடவை, ஒலி கரகரத்து, மவுஸ் நகராமல், விளையாட்டில் மட்டுமின்றி வெறும் பாட்டுக் கேட்கும்போதும் ஸ்தம்பிக்கும் கணினிகளைப் பற்றி ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. பலர் பயாஸில் அதை இயக்கினர். பிறகு ரைஸன் கணினிகள் பலவற்றில் இன்னதென்று விளங்காத இடறல் தோன்றிற்று. எத்தனை கார்டுகள் அந்த மாதங்களில் வீணாக மாற்றப்பட்டனவோ! 2022 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனமே காரணத்தை வெளியிட்டது: பிராசஸருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம், மதர்போர்டிலுள்ள சிறிய ஃப்ளாஷ் சிப்போடு நீண்ட பரிவர்த்தனை செய்யும் வேளைகளில் கணினி முழுவதும் கணநேரம் நின்றுபோகிறது. ஏஜெசா 1.2.0.7 என்ற புதிய பதிப்போடு வந்த பயாஸ் அதைத் தீர்த்தது. பழைய ரைஸன் கணினி ஏதேனும் இந்தக் குறையோடு இன்றும் உங்கள் மேஜைக்கு வந்தால், திருப்புளியை எடுக்குமுன் பயாஸின் தேதியைப் பாருங்கள். பிட்லாக்கர் இயங்குகிறதா என்று கேட்டு, அதை நிறுத்திவைத்து, மீட்புச் சாவியையும் குறித்துக்கொண்ட பின்னரே பயாஸைப் புதுப்பியுங்கள், இல்லாவிடில் வாடிக்கையாளரின் கோப்புகளே பூட்டிக்கொள்ளும்.

மற்றொன்று இதைவிடக் கொடிய மாயம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலைப் பிராசஸர்கள் சிலவற்றில், விளையாட்டு ஷேடர்களை விரித்துத் தொகுக்கும் வேளையில், கார்டில் நினைவகம் போதவில்லை என்ற செய்தி திரையில் தோன்றி எல்லாம் நின்றுவிடும். கார்டிலோ இடம் வேண்டிய மட்டும் இருக்கும். திரையே எழுத்து மூலமாகக் கார்டின்மேல் குற்றம் சாட்டும்போது எந்தத் தொழிலாளிதான் ஏமாறமாட்டான்? உண்மையில் குறை பிராசஸரில். அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜ் அதை உள்ளிருந்தே சிதைத்துக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தம் வந்தது. இன்டெல் அந்தப் பிராசஸர்களுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் சிதைவைத் தடுக்குமேயன்றி, சிதைந்ததை மீட்காது. ஆகவே அத்தகைய கணினி உங்களிடம் வந்தால் புதிய கார்டை விற்பதற்குப் பதிலாக வாரண்டியில் பிராசஸரை மாற்றிக் கொடுக்க வழிகாட்டினால், அவன் வாழ்நாள் முழுதும் உங்கள் கடையை மறவான்.

விளையாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் காரணங்களும் உண்டு. ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ் வெளியானபோது பகைவன் ஒருவனைச் சுடுந்தோறும் படம் இடறிற்று. 2021 ஜூலையில் அதைச் செய்த கேப்காம் நிறுவனம், திருட்டுப் பிரதியைத் தடுக்கும் ஏற்பாட்டைச் சீராக்கியிருப்பதாகச் சொல்லித் திருத்தம் அனுப்பியதும் அந்த இடறல் நீங்கிற்று. காசு கொடுத்து வாங்கியவன்தான் அதுவரை அந்தத் தண்டனையை அனுபவித்தான். இதனால்தான், திக்கல் விளையாட்டைச் செய்தவருடைய குறை என்று உங்களுக்குத் தெரியும்போது, அதை வாடிக்கையாளனிடம் வாய்விட்டுச் சொல்லுமாறு கெஞ்சிக் கேட்கிறேன். 'தம்பி, உன் கணினியில் குறையில்லை, திருத்தம் வரும்வரை பொறு' என்ற வார்த்தையைக் கேட்பதற்காகவே அவன் வந்திருக்கிறான். தான் தேர்ந்தெடுத்த பொருள்களும், தன் சேமிப்பும், தன் அறிவும் பிழையல்ல என்று அறிந்து திரும்பிப் போவதில் உள்ள நிம்மதியை நீங்கள் அவனுக்கு அளிக்கலாம்.

சொல்வது எளிது, கடை வாடகையை யார் கொடுப்பது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பாகம் விற்றால் நமக்கு லாபம். பாகம் வேண்டாம் என்று சொன்னால் ஒரு மணி நேர உழைப்புக்கு ஒன்றுமில்லை. வாடிக்கையாளரும் பதினெட்டாயிரம் ரூபாய் கார்டுக்குப் பேரம் பேசாமல் கொடுப்பார்; முந்நூறு ரூபாய் பார்வைக் கூலிக்கு முகம் சுளிப்பார். அவர்கள்மேலும் பிழை உண்டு. ஆயினும் டாக்டருக்குப் பணம் கொடுக்கப் பழகிய ஊர் இதற்கும் பழகும். பழக்க வேண்டியவர்கள் நீங்களே. சோதித்துச் சொல்வதற்கு இன்ன கூலி என்று கடைவாசலில் எழுதிப் போடுங்கள். அந்தக் கூலிக்கு ஈடாக ஃபிரேம் டைம் கோட்டைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்துக் கையில் கொடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியோடு குறித்து வையுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றித் தீர்ந்துபோனால் வாடிக்கையாளருக்குத் திருப்திதான். எதனால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்து அதே நோயோடு வருபவனுக்கு மறுபடியும் மூன்றையும் விற்கவேண்டியதாகும். முதலில் தொடவேண்டியவை எப்போதும் செலவில்லாதவையாக இருக்கட்டும்: திரைமேல் மிதக்கும் ஓவர்லேக்கள், பின்னணியில் ஓடும் பதிவுக் கருவிகள், ஒவ்வொரு கோப்பையும் துருவும் ஆன்டிவைரஸ், 144 மானிட்டரை 60-லேயே வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பு, நெடுநாள் புதுப்பிக்காத பயாஸ்.

பெட்டியை ஒரு முறை காதாலும் கேளுங்கள் என்று என் தங்கை சார்பாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அவள் மகனுடைய முதல் கார்டு, எந்தக் குற்றமும் செய்யாதது, இன்றும் என் வீட்டு அலமாரியில் அதன் பெட்டிக்குள் இருக்கிறது. கடையில் அதற்குச் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலைக்குக் கொடுக்க மனமின்றிப் பையன் என்னிடம் ஒப்படைத்துவிட்டான். உண்மையாகவே கார்டு போதாமல் திணறுகிற, வாங்கவும் வசதியில்லாத மாணவன் எவனேனும் உங்களில் ஒருவர் கடைக்கு வந்து, நீங்களும் அளந்து பார்த்து அதுதான் காரணம் என்று உறுதி செய்துகொண்டால், இந்தக் கார்டைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். பையனின் சம்மதத்தை வாங்கி வைத்திருக்கிறேன்; அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
மாடிப்படிக் கடையின் பழைய தொழிலாளி
திருச்சி